உளி பழகிய கைகளுக்கு ஓர் அச்சுக் கலை

வைகறையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலைவிளக்கின் ஒளியில் நிரை நிரையாக மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்து ஊற்றிவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடுகிறது. அதன் பின்னர் உள்ள பிற்பகல் பொழுது பாட்டாளிக்கு உரியது. மழைக்காலம் வந்துவிட்டாலோ, ஜொகூர் மாநிலத்தில் ஆண்டின் இறுதி மாதங்களில் பட்டை நனைந்து, வெட்டு இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டிய நாள்கள் பல உண்டு. இந்த ஓய்வுப் பொழுதை இன்பமாகவும் பயனுள்ளதாகவும் கழிப்பதற்கு ஏற்ற ஒரு கைக்கலையை இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம். அதுவே லினோ அச்சுக் கலை.

"ஓவியம் எல்லாம் நமக்கு எப்படி வரும்? உளி பிடித்த கை தூரிகை பிடிக்குமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கலைக்குத் தூரிகை வேண்டியதில்லை, உளிதான் வேண்டும். இதில் புதியவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கும் பாடம், ஓர் உளியை எவ்வளவு ஆழத்திற்குச் செலுத்துவது என்பதே. அப்பாடத்தைப் பால்மரம் வெட்டும் நம் மக்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் படித்து முடித்தவர்கள். ஆகவே, இக்கலையில் அவர்கள் முதல் வகுப்பில் சேரும் மாணவர்கள் அல்லர். பாதி வழியைக் கடந்து வந்தவர்கள் என்றே கூற வேண்டும்.

லினோ அச்சு என்பது யாது?

தோட்ட அலுவலகத்தில் கிராணியார் பயன்படுத்தும் ரப்பர் முத்திரையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதில் எழுத்துகள் மேடாகவும் மற்றப் பகுதிகள் பள்ளமாகவும் இருக்கும். மையில் தொட்டுத் தாளில் அழுத்தினால், மேடான பகுதியில் உள்ள மை மட்டும் தாளில் பதிகிறது. பள்ளமான பகுதி வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. லினோ அச்சின் தத்துவமும் இதுவே. லினோலியம் என்னும் தகட்டில் ஒரு படத்தை வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய பகுதிகளை உளியால் செதுக்கி நீக்கிவிட்டு, எஞ்சிய மேட்டின்மீது மை உருட்டி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்தால் அச்சுப்படம் கிடைக்கிறது. ஒரு தகட்டிலிருந்து ஒரே மாதிரியான படங்களை ஐம்பது, நூறு என்று எடுத்துக் கொள்ளலாம். அச்சு இயந்திரம் தேவையில்லை. சமையலறையில் உள்ள ஒரு மரக்கரண்டி போதும்.

பெயரும் வரலாறும்

லினோலியம் என்பது உண்மையில் வீட்டுத் தரையில் விரிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். அதன் பிறப்பில் நம் ரப்பருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1844ஆம் ஆண்டில் எலைஜா காலோவே என்பவர் இங்கிலாந்தில் ரப்பரையும் தக்கைத் தூளையும் கலந்து ஒரு தரைவிரிப்பை உருவாக்கி, அதற்குக் காப்புரிமை பெற்றார். காம்ப்டூலிகன் என்று அது அழைக்கப்பட்டது. ரப்பரின் விலை கூடக் கூட அந்த விரிப்பும் எட்டாத பொருளாகிவிட்டது. அந்நாளில் ரப்பர் தோட்டங்கள் ஏற்பட்டிருக்கவில்லை. காட்டில் வளரும் மரங்களையே உலகம் நம்பியிருந்தது என்பதை நினைவிற் கொள்க. அவ்வேளையில் பிரெடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், ரப்பருக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்துக் கெட்டியாக்கி, அதனுடன் தக்கைத் தூளைக் கலந்து, சணல் துணியின்மீது பரப்பினார். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற அப்பொருளே லினோலியம். லத்தீன் மொழியில் ஆளிச் செடியைக் குறிக்கும் சொல்லும் எண்ணெயைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தே அப்பெயர் ஆயிற்று.

தரைக்கு வந்த பொருளைக் கலைக்குக் கொண்டு வந்தவர்களுள் பள்ளி ஆசிரியர்களும் அடங்குவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் பிரான்ஸ் சிசேக் என்னும் ஆசிரியர் தம் சிறார் கலை வகுப்பில் இதனைப் பயன்படுத்தினார். மரப்பலகையில் நார் ஓடும் திசை உண்டு. அதற்குக் குறுக்கே உளி செல்ல மறுக்கும். லினோலியத்தில் நார் இல்லை. எத்திசையிலும் உளி ஒரே சீராகச் செல்லும். ஆகவே சிறுவர்க்கும் புதியவர்க்கும் அது மிகப் பொருத்தமாக அமைந்தது. பின்னாளில், 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், உலகப் புகழ் பெற்ற ஓவியர் பிக்காசோவும் லினோவை விரும்பிச் செதுக்கினார்.

இந்தியாவில் இக்கலை மக்கள் வாழ்வோடு ஒன்றி வளர்ந்தது. 1930ஆம் ஆண்டு மகாத்மா காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் தண்டிக் கடற்கரைக்கு நடந்தபோது, சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்த நந்தலால் போஸ், கையில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் உருவத்தை லினோவில் வெட்டினார். கரிய பின்னணியில் வெள்ளைக் கோடுகளாலான அப்படத்தில் வேறு அலங்காரம் எதுவும் இல்லை. ஆயினும் தண்டி யாத்திரை என்றவுடன் பலர் மனத்தில் எழும் உருவம் அதுவே. அதே ஆண்டில் வெளிவந்த, இரவீந்திரநாத் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய "சகஜ பாட்" என்னும் வங்காள அரிச்சுவடிக்கும் அவரே லினோ அச்சுப் படங்கள் செய்து தந்தார்.

அவருக்குப் பின் வந்த சித்தப்பிரசாத் (1915-1978) உழைக்கும் மக்களின் ஓவியராகவே வாழ்ந்தார். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஊர் ஊராகச் சென்று வரைந்தவர் அவர். பின்னர் பம்பாயில் குடியேறி, உழவர்களையும், பள்ளி செல்ல வேண்டிய வயதில் வேலை செய்த குழந்தைகளையும் லினோவில் செதுக்கினார். மலிவான தாளில் பல படிகள் எடுக்கக்கூடிய படமே எளிய மக்களின் கைக்கும் சென்று சேரும் என்பது கருதத்தக்கது.

நம் அருகிலும் சான்றுகள் உண்டு. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டு லிம் மூ ஹுவே, சூ கெங் குவாங் முதலிய ஆறு ஓவியர்கள் சேர்ந்து மரவெட்டு அச்சுப் படங்களின் கண்காட்சி ஒன்றை நடத்தினர். மரவெட்டு அச்சு லினோ அச்சின் மூத்த உடன்பிறப்பு. நம் நாட்டின் சபா மாநிலத்தில், ரானாவ் வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞர்கள் 2010ஆம் ஆண்டு "பங்ரோக் சூலாப்" என்ற குழுவை அமைத்தனர். பெரிய பலகைகளில் தம் மக்களின் வாழ்க்கையைச் செதுக்கி, மை பூசி, துணியை விரித்து, அதன்மேல் பலரும் கூடி இசைக்கேற்ப மிதித்தே அவர்கள் அச்செடுக்கிறார்கள். "ஜாங்கான் பெலி, பிக்கின் செண்டிரி" - வாங்காதே, நீயே செய் - என்பது அவர்களின் முழக்கம். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தொடங்கிய ஆசிய பசிபிக் கலைக் கண்காட்சியிலும் அவர்களின் படைப்பு இடம்பெற்றது. மலையடிவாரத்து இளைஞர்களுக்குக் கைவந்தது தோட்டத்து மக்களுக்குக் கைவராமற் போகாது.

ஆழம் அறிந்த கை

இனி, பால்வெட்டுக்கும் இக்கலைக்கும் உள்ள ஒற்றுமையைப் பார்ப்போம். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல், பட்டையை மெல்லச் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டியவர். அம்முறையின் உயிர்நாடி ஆழமே. பால் குழாய்கள் மரத்தை ஒட்டிய உட்பட்டையில்தான் மிகுதியாக உள்ளன. எனவே மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆனால், மரத்திற்கும் பட்டைக்கும் இடையே உள்ள வளர்படையை உளி தொட்டுவிட்டால் காயம் ஏற்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக முளைக்கும். அப்படையிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளி உளியை நிறுத்த வேண்டும். அளவுகோல் வைத்து அதனைச் செய்ய இயலாது. கைதான் அளவுகோல்.

லினோ தகடு பொதுவாக மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியான கனம் உடையது. அதில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் செதுக்கினால் போதும். அதற்கும் குறைந்தால், நீக்கிய பள்ளத்திலும் மை ஏறிப் படம் அழுக்காகும். மிகவும் ஆழமாகப் போனால் உளி அடியிலுள்ள சணல் துணியில் சிக்கிக் கொள்ளும். மெல்லிய கோடுகள் பெயர்ந்துவிடும். நகரத்து மாணவர் இதனை உணர்ந்து கொள்ளப் பல தகடுகளை வீணாக்குகின்றனர். மரம் வெட்டிப் பழகியவர் இரண்டாம் நாளே உணர்ந்து கொள்வர்.

ஒரு வேற்றுமையையும் மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டும். ஜெபோங் கத்தியை நாம் இழுத்து வெட்டுகிறோம். லினோ உளியையோ உடலுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளிச் செதுக்க வேண்டும். பழக்க தோஷத்தால் தம் பக்கம் இழுத்தால் தகடும் கெடும், கையும் கெடும்.

தேவையான பொருள்கள்

1. லினோ தகடு: முதற் பயிற்சிக்குப் பதினைந்து செண்டிமீட்டர் நீளமும் பத்து செண்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டு போதும். ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: நம் வீடுகளில் விரிக்கும் "திக்கார் கெத்தா" லினோலியம் அன்று. பெயரில் ரப்பர் இருந்தாலும் அது ரப்பரும் அன்று. பிளாஸ்டிக் விரிப்பே ஆகும். அது உளிக்கு இசையாது.

2. உளிகள்: ஒரு பிடியும், மாற்றிப் பொருத்தும் சில முனைகளும் கொண்ட தொகுப்பாக விற்கப்படும். கூர்ங்கோண முனை கோடுகளுக்கு. வளைந்த அகல முனை பெரிய வெளிகளை நீக்குவதற்கு. இவ்விரண்டும் போதும்.

3. மையும் உருளையும்: தொடக்கத்தில் நீரில் கரையும் அச்சு மையே நல்லது, நீராலேயே கழுவிவிடலாம். எண்ணெய் மை அழுத்தமான கருமை தரும். ஆனால், நம் நாட்டின் ஈரக் காற்றில் காய்வதற்குச் சில நாள்கள்கூட ஆகலாம். மையைப் பரப்ப ஒரு சிறு ரப்பர் உருளை வேண்டும்.

4. வீட்டிலுள்ளவை: மை பரப்புவதற்கு ஒரு கண்ணாடித் துண்டு அல்லது வழுவழுப்பான ஓடு, மரக்கரண்டி, பென்சில், கார்பன் தாள், பழந்துணி, மெல்லிய வெள்ளைத் தாள். சோதனைக்குச் சாதாரண நகலெடுக்கும் தாள் போதும். நல்ல படிகளுக்குச் சற்றுக் கனமான வரைதாளைப் பயன்படுத்தலாம்.

5. தடுப்புப் பலகை: ஒரு பலகையின் ஒரு விளிம்பில் மேற்புறமும் எதிர் விளிம்பில் கீழ்ப்புறமும் ஒவ்வொரு சட்டத்தை ஆணியடித்துக் கொள்க. கீழ்ச்சட்டம் மேசை விளிம்பைப் பற்றிக் கொள்ளும். மேற்சட்டம் தகடு நழுவாமல் தடுக்கும். கைகளைக் காக்கும் இதனைச் செய்யாமல் வேலையைத் தொடங்கலாகாது.

செய்முறை

முதற்படி: படத்தைத் தேர்ந்தெடுத்தல். பால்மரத்தின் இலையைத் தொடக்கப் பாடமாக எடுத்துக் கொள்வோம். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் விரிந்திருக்கும் அவ்வடிவம் எளியது, அழகியது. வாசலில் இறங்கினால் கிடைப்பது. ஓர் இலையைத் தாளின்மீது வைத்து, விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுக்க. நடு நரம்பையும் பக்க நரம்புகளையும் வரைந்து கொள்க.

இரண்டாம்படி: படத்தை மாற்றுதல். லினோ தகட்டின்மேல் கார்பன் தாளை வைத்து, அதன்மேல் படத்தை வைத்து அழுத்தி வரைக. அச்சில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும் என்பதை மறத்தலாகாது. இலைக்கு அதனால் குறையில்லை. எழுத்துகளுக்கோ அது பெருங்குறை. "ப" என்னும் எழுத்து இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் தப்பித்துக் கொள்ளும். "ட" என்பது திரும்பி நின்றுவிடும். எழுத்தும் திசையும் உள்ள படங்களை மெல்லிய தாளில் வரைந்து, தாளைப் புரட்டிப் பின்புறமாக வைத்தே தகட்டிற்கு மாற்ற வேண்டும்.

மூன்றாம்படி: அடையாளமிடுதல். எஞ்ச வேண்டிய பகுதிகளைக் கறுப்பு மையால் தீட்டிவிடுக. தீட்டாத இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். பாதி வேலையில் ஐயம் தோன்றாதிருக்க இது பெரிதும் உதவும்.

நான்காம்படி: செதுக்குதல். தகடு கடினமாக இருந்தால் சில நிமிடம் வெயிலில் வைத்தெடுக்க, இளகிக் கொடுக்கும். முதலில் கூர்ங்கோண முனையால் இலையின் வெளிக்கோட்டையும் நரம்புகளையும் வெட்டுக. பிறகு அகல முனையால் வெளியே உள்ள பகுதியை நீக்குக. உளியைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, மெல்லத் தள்ளுக. வளைவு வரும்போது உளியைத் திருப்புவதைவிடத் தகட்டைத் திருப்புவது நன்று. தகட்டைப் பிடித்திருக்கும் கை எப்பொழுதும் உளிக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். உளி செல்லும் வழியில் ஒருபோதும் விரலை வைக்கலாகாது. இந்த ஒரு விதியைக் காத்தால் பெரும்பாலும் காயம் நேராது. மழுங்கிய உளியே கூரிய உளியைவிட ஆபத்தானது. அது வழுக்கும், வழுக்கியது கையில் பாயும். நாள்தோறும் கல்லில் உளி தீட்டும் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம்படி: மை இடுதல். செதுக்கிய துகள்களைத் துடைத்துவிட்டு, கண்ணாடியின்மேல் சிறிது மையை வைத்து உருளையால் மேலும் கீழும், இடமும் வலமும் உருட்டுக. மை மெல்லிய படலமாகப் பரவி, உருளை ஓடும்போது மெல்லிய சலசலப்பு ஒலி கேட்டால் பதம் சரி எனக் கொள்க. பின்னர் தகட்டின்மீது இரண்டு மூன்று முறை மெல்லியதாக உருட்டுக.

ஆறாம்படி: அச்செடுத்தல். தாளை மேலிருந்து மெல்லக் கிடத்தி, அசையாமல் ஒரு கையால் பிடித்துக் கொண்டு, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சிறு சிறு வட்டங்களாகத் தேய்க்க. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, பதியாத இடம் இருந்தால் மீண்டும் தேய்க்கலாம். பிறகு ஒரு முனையிலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, துணி காயப்போடும் கொடியில் கவ்விகளால் தொங்கவிடுக.

முதலில் எடுப்பது சோதனைப்படியே. அதனைப் பார்த்து, இன்னும் நீக்க வேண்டியவற்றை நீக்குக. வெட்டியதை ஒட்ட முடியாது. ஆகவே ஐயமுள்ள இடத்தில் குறைவாக வெட்டுவதே அறிவுடைமை. இறுதிப் படிகளின் அடியில் பென்சிலால் எத்தனை படிகளுள் இது எத்தனையாவது என்று எண்ணிட்டுக் கையொப்பமிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பத்தில் மூன்றாவது படியாயின் 3/10 என்று எழுதுவர்.

குறைகளும் அவற்றை நீக்கும் வழியும்

படம் புள்ளி புள்ளியாக வெளிறி இருந்தால் மை குறைவு, அல்லது தேய்த்தது போதவில்லை. மெல்லிய கோடுகள் அடைபட்டுப் போனால் மை மிகுதி. தகட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குக. நிழல்போல இரட்டையாகத் தெரிந்தால் தேய்க்கும்போது தாள் நகர்ந்துவிட்டது. வெள்ளைப் பகுதியில் சிறு சிறு கீற்றுகள் விழுந்தால் அவை உளித்தடத்தின் முகடுகள். அவற்றைச் செதுக்கி எடுத்துவிடலாம். படத்திற்கு அழகு சேர்த்தால் விட்டும் வைக்கலாம்.

வேலை முடிந்ததும் தகடு, உருளை, கண்ணாடி யாவற்றையும் கழுவி உலர்த்துக. எண்ணெய் மையானால் சமையல் எண்ணெயால் துடைத்தபின் சவர்க்காரமிட்டுக் கழுவலாம். வீட்டினுள் மண்ணெண்ணெயைக் கையாள வேண்டியதில்லை. தகட்டை மடக்காமல், தட்டையாக வைத்துக் காக்க. உளிகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைக்க வேண்டும். குழந்தைகளும் பங்குகொள்ள விரும்பினால், பாதியாக அறுத்த உருளைக்கிழங்கில் பெற்றோர் ஒரு வடிவத்தை வெட்டிக் கொடுத்து, அச்சுப் பதிப்பதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

எதனைச் செதுக்குவது?

இவ்வினாவிற்கு விடையாக நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணிக்குப் பயிற்சி பெற்ற நாம், சில ஆண்டுகளுக்கு முன் வட ஜொகூரில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் இக்கலையைச் செய்து காட்டினோம். பால்மரம் ஒன்றையும், அதன் வெட்டையும், கீழே தொங்கும் மங்கையும் முன்னதாகவே அழகுறச் செதுக்கிக் கொண்டு போயிருந்தோம். மை உருட்டி, தாளை உரித்தெடுத்து, பெருமிதத்தோடு உயர்த்திக் காட்டினோம். கூடியிருந்தோர் கைதட்டினர். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"ஐயா, இது எந்த ஊர் மரம்? இப்படி வெட்டினால் மண்டோர் இன்றைக்குப் பேர் போடமாட்டாரே!" என்றார்.

மண்டபமே சிரித்தது. அப்பொழுதுதான் நம் பிழை நமக்குப் புலப்பட்டது. பால்மரத்தில் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வரும். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், அவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும். நாமோ படத்தைப் புரட்டாமல் தகட்டிற்கு மாற்றியிருந்தோம். அச்சில் வெட்டு வலப்புறம் உயர்ந்து இடப்புறம் தாழ்ந்துவிட்டது. இடம் வலம் மாறும் என்று பிறருக்குப் பாடம் சொல்லச் சென்ற நாமே அதில் இடறினோம்.

அம்மூதாட்டி அதோடு விடவில்லை. தாளின் பின்புறத்தில் பென்சிலால் வெட்டின் சரியான சாய்வை ஒரே இழுப்பில் வரைந்து காட்டினார். "நாற்பது வருசம் வெட்டின கை, ஐயா" என்றார். பின்னர், பக்கத்தில் நின்ற பேரனைக் காட்டி, அவன் நகரத்தில் வளர்கிறான், பாட்டி என்ன வேலை செய்தாள் என்பதே அவனுக்குத் தெரியாது என்றும் கூறினார். அத்தோட்டத்தின் பெரும்பகுதி அப்பொழுதே செம்பனைக்கு மாறியிருந்தது.

நாம் வீடு திரும்பும் வழியெல்லாம் அதனையே எண்ணினோம். ஜொகூரில் எத்தனையோ பால்மரத் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களும், கோயில்களும், பால் நிறுத்த கொட்டகைகளும், புகைக்கூடங்களும் பல இடங்களில் மறைந்துவிட்டன. அவற்றைப் பற்றி வெளியார் வரைந்த படங்கள் இருக்கலாம். ஆனால், வெளியார் கை நம் கையைப் போலவே வெட்டின் சாய்வை இடறிவிடக்கூடும். அவர்கள் பக்கத்தில் நின்று திருத்துவதற்கு ஒரு மூதாட்டி எப்பொழுதும் இருக்கமாட்டார். பிழையான படம் நூறு படிகளாகப் பரவிவிட்டால் அதுவே உண்மை என்று நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்புவர். ஆகவே, அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர்களே அதனைச் செதுக்கி வைப்பது கடமை என்றே நாம் கருதுகிறோம்.

எதனைச் செதுக்குவது என்பதற்கு விடை இதுதான். உளியைச் செதுக்குக, மங்கைச் செதுக்குக. வெடித்துச் சிதறும் பால்மரக் காயையும், அதன் புள்ளி போட்ட விதையையும் செதுக்குக. பால் வாளிகளைச் சுமந்து செல்லும் அன்னையையும், ஒட்டுப்பால் உரித்த பிள்ளையையும், லயத்து வாசலையும், ஆலயத்து மணியையும் செதுக்குக. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உறவினர்க்கு அனுப்பும் வாழ்த்து அட்டைகளை இவ்வாறே அச்சிடலாம். தமிழ்ப்பள்ளி விழாவிற்கும், ஆலயத் திருவிழாவிற்கும் அறிவிப்புகள் செய்யலாம். சிலர் இவற்றை விற்றுச் சிறு வருவாய் பெறவும் கூடும். ஆனால், வருவாயை எதிர்பார்த்தே இதில் இறங்க வேண்டாம் என்று கூறுவது எம் கடமை. முதல் ஆண்டில் கிட்டும் ஊதியம் மன நிறைவே.

பயிற்சிகள்

முதல் வாரம்: பால்மர இலையைச் செதுக்கிப் பத்துப் படிகள் எடுக்க. பத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாம் வாரம்: தம் பெயரின் முதலெழுத்தை இரண்டு செண்டிமீட்டர் உயரத்தில், இடம் வலம் மாற்றிச் செதுக்குக. ழகரம், ஞகரம் போன்ற சுழிகள் நிறைந்த எழுத்தாயின் பெரிதாக எழுதிக் கொள்க.

மூன்றாம் வாரம்: மரமும் வெட்டும் மங்கும் அடங்கிய படம் ஒன்றைச் செதுக்குக. அச்செடுத்தபின், தோட்டத்தில் மூத்த பால்வெட்டாளர் ஒருவரிடம் காட்டி, சாய்வு சரிதானா என்று கேட்க.

நான்காம் வாரம்: அவ்வாறு திருத்தம் சொன்னவரிடமே அவருடைய இளமைக் காலத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டு, அவர் கூறுவதில் ஒரு காட்சியைச் செதுக்குக. முதற்படியை அவருக்கே அன்பளிப்பாக வழங்குக.

மழை பெய்து வெட்டு நின்ற நாள்களில் உளியைக் கழுவி மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, கூரையைப் பார்த்துக் கொண்டு இருப்பதே நம் வழக்கமாக உள்ளது. இனி வரும் மழைநாளில் சிற்றுளி ஒன்றைக் கையில் எடுப்போமாக. மரத்தில் நாம் இட்ட வெட்டு சில ஆண்டுகளில் புதுப்பட்டை மூடி மறைந்துவிடும். தகட்டில் நாம் இடும் வெட்டு நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் படமாகக் கிடைக்கும்.